உருவிய நூல்

நான் இடக்கைக்காரி.
கல்முனைக் கடைகளில் தொங்குகிற கத்தரிக்கோல் எல்லாம்
மற்றக் கைக்குச் செய்தவை.
என் கையில் வந்ததும் மேல் அலகு
சோக்குக் கோட்டை மூடிக்கொண்டே நகரும்.
இரண்டு முழம் போய் நிமிர்ந்து பார்த்தால்
துணி கடல் பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

சின்னத் துண்டென்றால் காரியமில்லை.
நாலங்குலச் சதுரத்தின் பிசகு
தையலுக்குள் ஒளிந்துகொள்ளும்.
கரைப்பட்டி எதையும் ஒளிக்காது.
தொண்ணூற்றிரண்டு அங்குல நீளம்,
ஐந்து அகலம்,
கட்டிலில் விரித்தால்
வாசலில் நிற்கிறவனுக்கே தெரியும்
வெட்டினவள் எந்த இடத்தில் மூச்சு விட்டாள் என்று.

பெரியநீலாவணையில் எங்கள் கடை.
எல்லைப் பலகை கூப்பிடு தூரம்;
பொத்தான் வாங்க ஒரு மாவட்டம்,
நூல் வாங்க மற்றது.
றினோசா மருதமுனையிலிருந்து சைக்கிளில் வருவாள்.
அவளுக்கு மெஷின், எனக்கு வெட்டு,
வாடகை பாதிப்பாதி,
சண்டையும் அப்படித்தான்.

போன மாதம் முதல் விரிப்புக்கு
ஓரத்தோடு ஓரமாக நாடாவைப் பிடித்து
அளந்து வெட்டிக் கொடுத்தேன்.
தைத்து உதறினோம்.
கரை முழுக்க அலை.
"என்ன புள்ள இது,
விரிப்புக்குப் பாவாடை உடுத்தியிருக்காய்?"
அன்று அவள் சிரித்த சிரிப்புக்கு
தேத்தண்ணி வாங்கிக் கொடுக்காமல் விட்டேன்.
மறுகா இரவு, படுத்தபடி யோசித்தேன்:
ஓரம் எத்தனை கை பிடித்து இழுத்த இடம்.
இழுபட்டதைக் கேட்டால்
இழுபட்ட கணக்குத்தானே சொல்லும்.
நடுவில்தான் துணி
இன்னும் தன் அளவில் இருக்கிறது.

இப்போது பாசிக்குடா விடுதிக்கு ஆறு விரிப்பு,
மங்கல் நீலக் கரை,
வெள்ளிக்கிழமைக்குள்.
நடுவால் அளந்தாயிற்று.
பாவு போகிற பக்கமாக மடித்தாயிற்று,
ஊடைப் பக்கம் வெட்டினால்
கேட்ட ஆளுக்கெல்லாம் நீண்டு கொடுக்கும்.
வெட்டுமேசை ஐந்தடி,
ஆகையால் தரை.
வெளியே கச்சான் மணலை வாரிக்கொண்டு திரிகிறது,
கதவைப் பாதி இறக்கியிருக்கிறோம்,
கரண்ட் காலையிலேயே போய்விட்டது,
முழங்காலில் நான்,
மற்ற முனையில் கொதித்த முகத்தோடு றினோசா.

சோக்கைத் தூக்கி வைத்துவிட்டேன்.
மூலையில் ஒரு சின்ன வெட்டு,
ஊசி முனையால் ஒற்றை நூலைக் கிளப்பி
இழுக்கிறேன்.
துணி அந்தப் பாதையில் சுருங்கிச் சுருங்கி வருகிறது
பிடரியில் பிடித்த பூனை மாதிரி.
பாதியில் அறும்.
அறுந்த முனையைத் தேடிப் பிடிக்க
கண் கலங்கும்.
திரும்பவும் இழு.
கடைசி அங்குலத்தில் அது விட்டுக் கொடுக்கும்போது
றினோசா மெல்ல "ம்" என்கிறாள்.

நூல் போன இடத்தில் ஒரு தடம்.
மயிர் அகலம்கூட இல்லை.
அதற்குள்ளால் எங்கள் சிவப்புச் சீமெந்துத் தரை
நேராகத் தெரிகிறது.
வரைந்த கோடு என்றால் அலகுக்கடியில் தொலையும்.
இதில் அலகே போய் விழுகிறது,
வண்டில் சக்கரம் தன் பள்ளத்தில் விழுகிற மாதிரி.
இடக்கை, வலக்கை என்று
அது கேட்கவில்லை.
ஒன்றுமே இல்லாத ஒரு கோட்டில்
தொண்ணூற்றிரண்டு அங்குலம் தவழ்ந்து போனேன்.

பின்னேரத்துக்குள் பன்னிரண்டு பட்டி.
நீளம் ஆறு, குறுக்கு ஆறு,
தனித்தனியாக அடுக்கி
மேலே எதுவும் வைக்காமல்
றினோசா தொழப் போனாள்,
நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு
சுவரில் சாய்ந்தேன்.

காற்றாடிச் சுவிட்சை
யாரும் அணைக்கவில்லை.

கரண்ட் வந்தது.
முதல் சுற்றில் ஒன்று தலை தூக்கியது,
மூன்றாவது சுற்றில்
கடை முழுக்க நீலம்.
ஒரு பட்டி கதவுக்கடியால் புகுந்து
கச்சானோடு றோட்டுக்குப் போனது.
தலைமுக்காட்டைப் பிடித்தபடி
அதன் பின்னால் ஓடி,
பிடித்து,
மணலை உதறி,
வாசலில் நின்று கேட்கிறாள்:

"இது நீளமா, குறுக்கா?"

நாடா எங்கே கிடக்கிறதோ.